வேகம் குறைந்த குரல்

பழைய ரெக்கார்டு பிளேயரில் கரகரப்பைப் பொறுத்துக்கொள்வேன். அது குரலுக்கு வெளியே நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் காது ஒதுக்கிவிடும். வேகம் குறைவதை மட்டும் என்னால் தாங்க முடியாது. பேசுகிற ஆளே மாறிவிடுகிறார். நூற்றுக்கு 6 பங்கு வேகம் குறைந்தாலே சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும்.

விழுப்புரத்தில் மைக் செட் வைத்திருந்தவர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பிளேயர் திண்டிவனத்துக்கு, என் மேசைக்கு வந்து சேர்ந்தது. 'திருவிளையாடல்' வசனத் தட்டைப் போட்டேன். சிவாஜி தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல் இழுத்தார். அவர் 1928இல் பிறந்த ஊர் விழுப்புரம். அந்த ஊர்ப் பெட்டியில் அவர் குரல் இப்படிக் கேட்பதா என்று மனசு ஆறவில்லை.

சுழல்தட்டைத் தூக்கினால் அடியில் ஒரு ரப்பர் சக்கரம். மோட்டார் அச்சுக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவே நின்று சுற்றிவிடுவது அதுதான். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்ததில் விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தது. சுற்றுக்கு ஒரு 'டொக்' அதனால்தான். ரப்பரும் இறுகிப் பிடிப்பை இழந்திருந்தது. நைசான உப்புத்தாளால் சீராகத் தேய்த்து ஸ்பிரிட்டால் துடைத்தேன். மோட்டாரில் பழைய எண்ணெய் பிசுக்காகி அச்சையே பிடித்து வைத்திருந்தது. அதைக் கழுவிவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. அதற்கு மேல் விட்டால் ரப்பரில் ஏறி மறுபடி வழுக்கும்.

வேகம் பார்க்க 180 கோடு போட்ட அட்டை ஒன்று உண்டு. சோக் வைத்த பழைய டியூப்லைட் நம் 50 சைக்கிள் மின்சாரத்தில் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். அந்த வெளிச்சத்தில் தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்றினால் கோடுகள் அசையாமல் நிற்கும். குறைந்தால் பின்னால் நகரும். எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இது தெரிவதில்லை. இதற்காகவே அந்த அறையில் டியூப்லைட்டை மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது திருவிழா ராத்திரிகள் ஞாபகம் வந்தன. பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் தருமியும் சிவனும் பேச, வயல் தாண்டி எங்கள் தெரு வரை கேட்கும். சீரியல் பல்பு, டியூப்லைட் எல்லாம் எரியும்போது வோல்டேஜ் படுத்துவிடும். சாதாரண மோட்டார்களுக்கு அப்போது திராணி குறையும், வேகமும் குறையும். சிவாஜி கனத்துப்போய், நிதானமாகப் பேசுவார். தெருப் பையன்கள் நாங்கள் அந்த நிதானத்திலேயே வசனத்தை மனப்பாடம் செய்தோம். பின்னால் திண்டிவனத்தில் ஒரு தியேட்டரில் படத்தைப் பார்த்தபோது, நக்கீரரிடம் இவர் ஏன் இவ்வளவு படபடக்கிறார் என்று எனக்குத் திகைப்பு. பக்கத்திலிருந்த சித்தப்பா, "இதாண்டா நெசம். நம்மூருல கரண்டு பத்தல" என்றார்.

அந்தக் கனத்த குரல்தான் எங்கள் சிவாஜி என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. எந்தச் சொல்லில் மூச்சை நிறுத்துவது, எதைப் பாய்ந்து முடிப்பது என்று அளந்து பேசிய நடிகர் அவர். அந்த அளவை வோல்டேஜ் தீர்மானிக்கக் கூடாது. கோடுகள் நின்றுவிட்டன. அடுத்து 'வீரபாண்டிய கட்டபொம்மன்' தட்டு. ஜாக்சன் துரையோடு பேசும் இடத்தை வைத்துத்தான் மீதியைச் சரிபார்க்க வேண்டும்.