ரெண்டு பேருக்கும் பணம் கட்டியாச்சு

டிசம்பர் 8

அண்ணனை நேற்று விடியக்காலை மூன்றரை மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ராத்திரியே நெஞ்சு எரிந்திருக்கிறது. வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தாராம், பிறகு சோடாவாம். பனியன் நனைந்து ஒட்டிக்கொண்ட பிறகுதான் மகன் காரை எடுத்திருக்கிறான். இதயத்தின் முன்புறம் இறங்கும் பெரிய ரத்தக்குழாயில் தொண்ணூறு சதவீதம் அடைப்பு. மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார்.

51 வயது. சிகரெட் கிடையாது. அலுவலகத்தில் லிஃப்ட் ஏறாதவர். ஞாயிறு தவறாமல் 60 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறவர். போன மாதம் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் இன்னும் என் போனில் கிடக்கிறது: "ரெண்டு பேருக்கும் பணம் கட்டியாச்சு. பிப்ரவரி 16, கோவளம். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். மறுபேச்சு பேசாத."

எனக்கு 46. அவருக்கே வந்துவிட்டதே என்று அலுவலகம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். நான் பேசவில்லை. அதனால்தான் இந்த நோட்டு.

டிசம்பர் 10

இசிஜி எடுத்தேன், நார்மல். ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு எடுக்கிற டிஎம்டி-யும் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். ஆகஸ்டில் அண்ணனுக்கும் இசிஜி நார்மல்தான்.

டிசம்பர் 15

அவர் வீட்டுக்குப் போனேன். ஷூ போட்டுக்கொண்டு போகக் கூச்சமாக இருந்ததால் செருப்பில் போனேன். ஹாலில் சாய்வு நாற்காலியில் இருந்தார். மணிக்கட்டில் நீலம் பாரித்திருந்தது. டிவியில் ஏதோ சீரியல். அவர் சீரியல் பார்த்து நான் கண்டதில்லை.

மதினி மாத்திரை டப்பாவைக் காட்டினார். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு, ஒரு வருஷத்துக்கு விடாமல் சாப்பிட வேண்டும். கொழுப்புக்கு ஒன்று. வயிறு கெடாமல் இருக்க ஒன்று. "ஒரு வேளை விட்டாலும் ஆபத்தாம் தம்பி" என்றார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இந்த ட்ரையத்லான் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவர் அவர்தான். 1974இல் சான் டியேகோவில் ஓட்டப்பந்தயக் கிளப்காரர்கள் 46 பேர் கூடி முதல் போட்டி நடத்தியதை நேரில் பார்த்தவர் மாதிரி சொல்வார். அப்போது முதலில் ஓட்டம், பிறகு சைக்கிள், கடைசியில்தான் நீச்சல். இருட்டிவிட்டதால் கார் விளக்குகளைப் போட்டுக் கடைசி ஆட்களைக் கரையேற்றினார்களாம். களைத்தவனைத் தண்ணீருக்குள் விடக்கூடாது என்று பிற்பாடு நீச்சலை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் சேர்த்தபோது அது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். நமக்குப் பாதி போதும் என்பார். அந்தப் பாதிக்குத்தான் ஸ்பிரின்ட் என்று பேர்.

கிளம்பும்போது வாசல்வரை வந்த மதினி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்களும் விட்டுருங்க தம்பி" என்றார். தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது.

டிசம்பர் 28

நீச்சல் குளம். மேலூர்ப் பக்கம் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட்டு நீந்தப் பழகியவன் நான். கிணற்று நீச்சலில் தலை எப்போதும் வெளியேதான் இருக்கும். இங்கே பயிற்சி தரும் பையனுக்கு என் மகள் வயதுதான். "அங்கிள், மூஞ்சிய உள்ள வைங்க, தண்ணிக்குள்ள மூச்ச விடுங்க" என்கிறான். தலை வெளியே இருந்தால் இடுப்பு கீழே இறங்கிவிடுகிறதாம், இறங்கிய உடம்பை இழுத்துப் போகவே பாதி தெம்பு செலவாகிறதாம். உண்மைதான். 25 மீட்டருக்குள் நாக்குத் தள்ளிவிட்டது. கிணற்றில் அரை நாள் கிடந்தவன்.

ஜனவரி 4

இரவில் தேடிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. 2006 முதல் 2008 வரை அமெரிக்காவில் நடந்த ட்ரையத்லான்களைத் திரட்டிய ஓர் ஆய்வு. ஒன்பதரை லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்டதில் இறந்தவர்கள் 14 பேர். அவர்களில் 13 பேர் நீச்சலில். சைக்கிளில் ஒருவர். ஓட்டத்தில் ஒருவரும் இல்லை.

ஒன்பதரை லட்சத்தில் பதினான்கு என்பது ஒன்றுமே இல்லை. வங்கியில் 22 வருஷம் கணக்குப் பார்த்தவனுக்கு அது தெரியாதா? ஆனாலும் அந்தப் பதிமூன்றையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மனைவி விழித்து, "என்னங்க, தூங்கலையா?" என்றாள். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறேன் என்றேன்.

ஜனவரி 11

கோவளத்தில் கடல் பயிற்சி. ஐந்தரைக்கே போய் நின்றோம். விடியும் வரை யாரும் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்று கயாக்காரர்கள் கண்டிப்பாக நிறுத்திவிட்டார்கள்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன், உள்ளே போகவே இல்லை. ஒவ்வொன்றும் என்னைப் புரட்டிப் போட்டு, மூக்கு நிறைய மணலோடு திருப்பி அனுப்பியது. ஃபைபர் படகை ஒட்டி நின்றிருந்த மீனவர் ஒருவர், சிரிக்காமல், "இன்னாத்துக்கு சார் அங்கயே நின்னுக்கினு இருக்க? அலை உடையுற எடம்தான் மோசம். வரும்போது அடியில பூந்து அந்தாண்ட போயிடு. அந்தாண்ட போனா ஒண்ணும் இல்ல" என்றார்.

பூந்து போனேன். அந்தாண்ட நிஜமாகவே ஒன்றும் இல்லை. தண்ணீர் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் குளத்தின் அடியில் இருக்கிற மாதிரி கடலில் கறுப்புக் கோடு கிடையாது. நேராகப் போகிறேன் என்று நினைத்துப் பத்து வீச்சு போட்டுத் தலை தூக்கினால் கரை எங்கேயோ இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் இங்கே நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். சும்மா மிதந்தாலே மாமல்லபுரம் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும் போல. ஏழெட்டு வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் மேலே தூக்கி மிதவையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கிணற்றுப் பழக்கம் அதற்கு உதவியது. பயிற்சிப் பையனிடம் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். சந்தோஷமாக இருந்தது. இப்படி இருந்து நாளாயிற்று.

ஜனவரி 14

பொங்கல். என் தட்டில் விழுந்த நெய்யை வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள்.

ஜனவரி 26

சண்டை. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "அண்ணே நல்லா இருந்தா அவர் கூடப் போறீங்கன்னு விட்டுருப்பேன். இப்ப தனியா எதுக்கு? யாருக்குக் காட்ட?" அம்மா அடுப்படியிலிருந்து, "கடல்ல என்னப்பா வேல நமக்கு? மலையும் காடுமாப் பொழைச்ச குடும்பம்" என்றார். அம்மா சொன்னதற்கு மூன்று பேரும் சிரித்துவிட்டோம், அதோடு சண்டை நீர்த்தது.

கடைசியில் மனைவி, "அந்த டிஎம்டிதான் நார்மல்னு வந்துருச்சுன்னு விடுறேன்" என்றாள். நான் பேப்பரைப் புரட்டினேன்.

பிப்ரவரி 2

அண்ணன் கூப்பிட்டார். "சைக்கிள எடுத்துட்டுப் போ. சும்மா கிடந்தா துருப்பிடிச்சுரும்." குரலில் பிரியம் ஒன்றும் இல்லை. போனேன். என் உயரத்துக்கு சீட்டை இறக்க வேண்டியிருந்தது. அவரே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தார். மதினி "ஏங்க!" என்று ஒரு அதட்டுப் போட்டதும் ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை.

கோபம் என் மேல்தான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு மிதித்தேன். வேளச்சேரி சிக்னலில், வேறு யார் மேல்தான் இருக்க முடியும் என்று பட்டது. எனக்குத்தானே இன்னும் கால் இருக்கிறது.

பிப்ரவரி 9

சைக்கிள் விட்டு இறங்கியதும் ஓடிப் பழகினேன். கால் மரத்துப்போய் அடுத்தவன் காலாக இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் தாண்டினால் நம்முடையதாகிவிடுகிறது.

பிப்ரவரி 15

போட்டி எண், காலில் கட்டும் சிப், மஞ்சள் தொப்பி எல்லாம் வாங்கியாயிற்று. உறுதிமொழிப் படிவத்தில் 'எனக்கு இதய நோய் எதுவும் இல்லை, மருத்துவ ஆலோசனை பெற்றுள்ளேன்' என்று ஒரு வரி. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பேனாவை நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். அடுத்த உறையில் அண்ணன் பெயர். "அவங்க வரலையா சார்?" வரவில்லை என்றேன். டி-ஷர்ட்டை மட்டும் கொடுத்தாள். எக்ஸ்எல். இப்போது அவருக்குத் தொளதொளவென்றுதான் இருக்கும்.

பிப்ரவரி 16, இரவு

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

நாற்பது தாண்டிய ஆண்களை மொத்தமாகத் தண்ணீருக்குள் விட்டார்கள். விசில் ஊதியதும் எல்லோருக்கும் ஒரே பாதைதான் வேண்டியிருந்தது. ஒரு குதிகால் என் கண்ணாடியில் விழுந்தது. ஒரு கை முதுகில் ஏறியது. அலை உடையும் இடத்தை மீனவர் சொன்னபடி அடியில் பூந்து தாண்டினேன். பயம் அதற்கப்புறம்தான் வந்தது, ஒன்றும் இல்லாத இடத்தில். மூச்சு வெளியே போகவில்லை. இழுக்க மட்டும் இழுக்கிறது. நெஞ்சு காதுக்குள் அடிக்கிறது. இதுதான், இப்படித்தான் அண்ணனுக்கும் இருந்திருக்கும், நாம் ஓமத்தண்ணீர் குடிக்கக்கூட வழியில்லாத இடத்தில் இருக்கிறோம் என்று ஓடியது மனசு. 13 என்ற எண்ணும் வந்து போனது.

மல்லாந்து படுத்தேன். கையைத் தூக்கினேன். கயாக்கில் ஒரு பெண் வந்தாள். பிடித்துக்கொள்ளலாம், முன்னால் மட்டும் இழுத்துப் போகச் சொல்லக் கூடாது. அது விதி. பிடித்துக்கொண்டேன். "நெஞ்சு வலிக்குதா சார்?" யோசித்துப் பார்த்தேன். வலி இல்லை. கை இழுக்கவில்லை, தாடை இழுக்கவில்லை, வேகமாக அடிக்கிறது, அவ்வளவுதான். "பேசுங்க சார், என்ன ஊரு?" மேலூர் என்றேன். "பஸ் ஸ்டாண்டுல இருந்து உங்க வீட்டுக்கு எப்படிப் போகணும்?" வழி சொல்ல ஆரம்பித்தேன். தபால் ஆபீஸைத் தாண்டி இடது பக்கம் என்று வந்தபோது மூச்சு முழுசாக வெளியே போயிருந்தது. எங்கே கற்றுக்கொண்டாளோ இந்த வித்தையை. கயாக்கை விட்டேன். மிச்ச தூரம் பாதி குளத்து நீச்சல், பாதி கிணற்று நீச்சல். 24 நிமிடம்.

கரையேறினால் கால் முழுக்க மணல். ஹெல்மெட் வாரைப் பூட்டாமல் சைக்கிளைத் தொடக் கூடாது, கோட்டைத் தாண்டாமல் ஏறக் கூடாது. ஈசிஆரில் தெற்கே போகும்போது காற்று முதுகில். நான் பெரிய வீரன் என்று நினைத்துக்கொண்டேன். திருவிடந்தை, முதலைப் பண்ணை எல்லாம் பறந்தன. கடல்நீரைக் குடிநீராக்குகிற நெம்மேலி ஆலையைக் கடந்தபோது, காலையில் நான் குடித்த பங்கை அங்கே இறக்கி வைத்தால் என்ன என்று தோன்றியது. திரும்பியதும்தான் தெரிந்தது, வீரம் எல்லாம் காற்றுடையது. முன்னால் போகிறவர் முதுகில் ஒட்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிக்கவும் விதியில் இடமில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாக மிதித்தோம்.

ஓட்டம் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வெயில். ஓடினேன், நடந்தேன், ஓடினேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மட்டும் "மெதுவாப் போ நைனா" என்றார், அப்படியே செய்தேன். 1 மணி 53 நிமிடம். பதக்கம், தர்பூசணி, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். கயாக் பெண்ணைத் தேடினேன், காணவில்லை.

வீட்டில் வழக்கத்துக்கு மாறாக எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். தண்ணீருக்குள் நடந்ததை யாருக்கும் சொல்லவில்லை.

பிப்ரவரி 17

படி இறங்க முடியவில்லை. வங்கியில் முதல் தடவையாக லிஃப்ட்.

பிப்ரவரி 23

டி-ஷர்ட்டை எடுத்துக்கொண்டு போனேன். முடிவுப் பட்டியலை அவர் ஏற்கெனவே போனில் இறக்கி வைத்திருந்தார். அவர் பெயரும் அதில் இருக்கிறது, நேரத்துக்குப் பதில் 'டிஎன்எஸ்', ஆள் இறங்கவில்லை என்று. அதைத் தாண்டி என் வரியில் விரல் வைத்தார். "நீச்சல் முடிச்சு சைக்கிள் எடுக்க ஆறு நிமிஷமாடா? அங்க என்ன பூசை பண்ணுனியா?" மணல் என்றேன். "ஒரு மக்குல தண்ணி வச்சிருக்கணும். அறிவு வேணாம்?" பழைய குரல். எனக்குக் கண் கலங்கியதை அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

நீச்சல் 24 நிமிடத்தைக் கேட்டார். கயாக் கதையை அவரிடம் சொன்னேன், முழுசாக. சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "டிஎம்டி எடுத்தியா?" என்றார். பட்டியல் இருந்த போன் திரை அணைந்துவிட்டது, அதைத் தட்டித் தட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். "எடுக்கல, இல்ல? என்னையும் ஆகஸ்ட்ல எடுக்கச் சொன்னாங்க. போட்டி முடியட்டும்னு விட்டேன்." காபியோடு வந்த மதினி அப்படியே நின்றுவிட்டார்.

மார்ச் 9

அண்ணன் தெருமுனைவரை போய் வருகிறார். இருபது நிமிடம், டாக்டர் சொன்ன கணக்கு. இன்று நானும் கூட நடந்தேன். அடுத்த வருஷம் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சைக்கிள் என் வீட்டில்தான் இருக்கிறது.

டிஎம்டி புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு. மதினிதான் போன் போட்டு நேரம் வாங்கினார். என் மனைவி, அதை டிசம்பரிலேயே எடுத்து முடித்துவிட்டதாகத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.