தண்ணி இன்னும் இருக்கு

ஜூலை 6, ஞாயிறு

பெயர் பதிந்துவிட்டேன். பத்துக் கிலோமீட்டர். 27-ஆம் தேதி காலை ஆறரைக்குப் பொந்தியான் டவுனில் தொடங்கி, குக்குப்புக்குப் போகும் சாலையில் போய்த் திரும்பும் நன்கொடை ஓட்டம். ரத்தச் சுத்திகரிப்புக்குப் பணம் கட்ட முடியாதவர்களுக்காக நடத்துகிறார்கள். அண்ணனுக்குச் சொக்சோ என்னும் தொழிலாளர் காப்புறுதி கைகொடுக்கிறது. அதுவும் இல்லாத வீடுகள் எத்தனையோ இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை என்பதால்தான் ஒப்புக்கொள்ள முடிந்தது. 2014 தொடங்கிப் பதினோரு வருஷம் ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. இந்த 2025 ஜனவரியில் ஞாயிறு எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

போன வருஷத்தை மறக்க முடியவில்லை. வேறோர் ஊர், வேறோர் ஓட்டம், அதுவும் நன்கொடைக்குத்தான். எட்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மேசையை மடக்கி லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாலை முழுக்க மிதிபட்ட காகிதக் குவளைகள். பாதிக் குவளைகளில் குடித்து மிஞ்சிய தண்ணீர் தேங்கிக் கிடந்தது. எனக்குப் பின்னால் இன்னும் முப்பது பேராவது வந்துகொண்டிருந்தார்கள். நேர வரம்பு முடிய அரைமணி பாக்கி. "ஹபிஸ்" என்று ஒரு பையன் கையை விரித்தான். தீர்ந்துவிட்டதாம்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். எனக்கு வந்த கோபத்தைவிட அண்ணன் பட்ட வருத்தம் பெரிது. "கடைசியா வர்றவங்களுக்குத்தானே தண்ணி ரொம்ப வேணும்?" என்று அன்றைக்கு நாலு தடவையாவது கேட்டிருப்பார்.

ஜூலை 9, புதன்

இன்று அண்ணனை ரத்தச் சுத்திகரிப்புக்குக் கூட்டிப்போகும் முறை எனக்கு. திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். போனதும் எடை பார்ப்பார்கள். போன முறை முடிந்து கிளம்பியபோது இருந்ததைவிட 1.9 கிலோ கூட. அவ்வளவும் உடம்பு வெளியேற்ற முடியாத தண்ணீர்.

இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடம் விரல் தடிமனுக்குப் புடைத்திருக்கிறது. தொட்டால், மடியில் படுத்த பூனையின் முதுகில் கைவைத்தது போல விடாமல் ஓர் அதிர்வு. அங்கேதான் இரண்டு ஊசிகள். ரத்தம் ஒன்றில் வெளியே போய் மற்றதில் திரும்பி வருகிறது. இன்று இயந்திரத்தில் 300 என்று காட்டியது, நிமிஷத்துக்கு முந்நூறு மில்லி. பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு மணி நேரத்துக்கு 72 லிட்டர். உடம்பில் இருக்கிற ஐந்து லிட்டர் ரத்தம்தான் சுற்றிச்சுற்றி அவ்வளவு தூரம் ஓடுகிறது.

அண்ணனுக்கு நாளுக்கு அரை லிட்டர்தான் குடிக்க அனுமதி. அண்ணி தினம் காலையில் அரை லிட்டர் போத்தல் ஒன்றில் தண்ணீர் நிரப்பிக் குளிர்பெட்டியில் வைப்பார். அண்ணன் தேத்தண்ணி குடித்தால், ரசம் ஊற்றிச் சாப்பிட்டால், அதே அளவைப் போத்தலிலிருந்து எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவார். பொழுது சாயும்போது போத்தலில் மிஞ்சுவதுதான் இரவுக்கு. ரொம்ப வறட்சியாக இருந்தால் ஓர் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்வார். அதற்கும் கணக்கு உண்டு. இருபத்தாறு வருஷம் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர், ஒரே மூச்சில் பெரிய போத்தலைக் காலி செய்தவர்.

சிறுநீரகம் கெட்டது எல்லாம் இனிப்புநீர் கொண்டுவந்த வினை. 2023-இல் சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர். எங்கள் வீட்டில் நாலு பேரில் இரண்டு பேர். மற்றவள் நான். டாக்டர் "நடங்க" என்றார். நடந்ததுதான் மெல்ல மெல்ல ஓட்டமாக மாறியது.

ஜூலை 13, ஞாயிறு

ஏழு கிலோமீட்டர், அறுபத்தைந்து நிமிஷம். நாலு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. 1972 ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. களைத்த பிறகு நடப்பதல்ல, களைப்பு வருவதற்கு முன்பே நடப்பது. முழங்கால் வலி நின்றது இதனால்தான்.

இந்தப் பக்கத்துச் சாலை தட்டை. ஏற்றம் என்று எதுவுமில்லை. பாரிட் என்னும் வடிகால்வாய்களின் பாலங்களை வைத்துத்தான் தூரத்தை எண்ணுகிறேன். கரையோரம் முழுக்க ஒரு காலத்தில் கால் புதையும் சதுப்பு. பாரிட் வெட்டித் தண்ணீரை வடித்த பிறகுதான் தென்னை, அன்னாசி, செம்பனை எல்லாம் வந்தன. எத்தனையோ கிராமங்களின் பெயர் "பாரிட்" என்றே தொடங்குகிறது. பாரிட்டில் ஓடும் தண்ணீர் தே-ஓ நிறம், பால் சேர்க்காத தேத்தண்ணி போல. காலையில் அதில் ஓர் உடும்பு தலையை மட்டும் தூக்கிக்கொண்டு நீந்திப் போனது. வேகமாக ஓடுகிறவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நடந்து நடந்து ஓடுவதைச் சொன்னபோது அண்ணன் கேட்டார்: "சரவணன் நடந்துதானே தங்கம் வாங்கினாரு?" 1998-இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டி. ஐம்பது கிலோமீட்டர் நடையில் நம் ஜி. சரவணன் முதலாவதாக வந்தார். தோட்டத்து மண்டபத்தில் தொலைக்காட்சி முன்னால் அண்ணன் கூட்டாளிகளோடு நின்றுகொண்டே பார்த்தாராம். "நாலு மணி நேரத்துக்கு மேல நடந்தாரு, தங்கச்சி. அவரும் நாலு மணி நேரம், நானும் நாலு மணி நேரம்."

ஜூலை 20, ஞாயிறு

ஓடவில்லை. கணுக்கால் லேசாக வீங்கியிருந்தது. டெர்ரி ஃபாக்ஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த கனடாப் பையன். 1980 ஏப்ரல் 12-இல் புறப்பட்டு, செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1-இல் நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் ஜூனில் இறந்தபோது வயது 22. அவர் பெயரில் உலகமெங்கும் நடக்கும் ஓட்டங்களில் பரிசு கிடையாது, முதல் ஆள் கடைசி ஆள் என்ற கணக்குக் கிடையாது. நன்கொடை ஓட்டம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வேகமாக வருகிறவர்களுக்குப் பணமுடிப்பு வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் கடைசி ஆளுக்குத் தண்ணீரை எண்ணி வைக்கட்டும்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. கோயில் கூழை அண்ணி வாங்கி வந்தார். அண்ணனுக்கு இரண்டு கரண்டி. போத்தலிலிருந்து செடிக்கு அரைக் குவளை. என் எண் அட்டையும் டி-சட்டையும் வந்துவிட்டன.

ஜூலை 27, ஞாயிறு

விடியற்காலை நாலரைக்குக் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கிப் போட்டது. சுமத்ராக் காற்று. இந்த மாதங்களில் மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் மேகம் திரண்டு, விடிவதற்குள் பொந்தியானை அடித்துவிட்டுப் போகும். மின்னல் ஓயும் வரை யாரையும் சாலையில் விடவில்லை. ஆறரைக்குத் தொடங்க வேண்டியது ஏழேகாலுக்குத்தான் தொடங்கியது. முன்னால் ஓடுகிறவர்கள் வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார்கள். பின்னால் வரும் எங்களுக்கு அந்த முக்கால் மணி நேரமும் வெயிலாகத் தலையில் இறங்கும்.

முதல் இரண்டு கிலோமீட்டர் சேர்ந்து ஓடிய கூட்டம் மூன்றாவதில் கலைந்துவிட்டது. என்னோடு மிஞ்சியவர்கள், பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஒரு சீனப் பெரியவர், தாதி வேலை பார்க்கும் மலாய்க்கார அம்மா ஒருவர், தோளில் துண்டு போட்ட ஒரு தம்பி. எங்கள் எல்லாருக்கும் பின்னால் ரேலா தொண்டர் படைச் சீருடையில் ஒருவர் சைக்கிளில் மெதுவாக மிதித்து வந்தார். முதலில் அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வேனில் ஏறச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

ஆறாவது கிலோமீட்டரில் மழைநீர் ஆவியாகிச் சாலையிலிருந்து புழுக்கம் எழுந்தது. பாரிட் பாலத்தில் நடக்க ஆரம்பித்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அண்ணனுக்கு இதுதான் தினமும் சாயங்காலம் என்று அப்போதுதான் உடம்போடு புரிந்தது. இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரிந்தது கணக்கு மட்டும்தான்.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து சைக்கிள்காரரின் வாக்கி டாக்கி சத்தம். மலாயில் சொன்னார், இன்னும் பதினேழு பேர் வருகிறார்கள், பதினேழு பேருக்கு வையுங்கள். அவர் எங்களை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். பார்க்ரன் என்று பல நாடுகளில் வாரந்தோறும் நடக்கும் ஓட்டத்தில், கடைசி ஆளுக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் உண்டு. அங்கே ஓட வந்த யாரும் கடைசியாக வருவதில்லை. இங்கே அந்த வேலையை இவர் செய்தார்.

எட்டாவது கிலோமீட்டர். மேசை இருந்தது. அதன் மேல் வரிசையாகக் குவளைகள், ஒவ்வொன்றையும் ஓர் அட்டையால் மூடி வைத்திருந்தார்கள். வெயில் விழாமல் ஒரு பெண்பிள்ளை குடையைப் பிடித்திருந்தாள், தனக்கல்ல, மேசைக்கு. நான் தயங்கி நின்றதைப் பார்த்துக் குவளையை நீட்டினாள். "மினும், மக்சிக். ஆயர் அடா லாகி." குடியுங்கள், தண்ணீர் இன்னும் இருக்கிறது.

ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தாமல் குடித்தேன்.

ஒரு மணி முப்பத்தெட்டு நிமிஷம்.

ஜூலை 28, திங்கள்

எடை 2.2 கிலோ கூட. ஊசி போட்டு, குழாய் சிவந்து, சக்கரம் சுழலத் தொடங்கியதும் அண்ணன் என் பக்கம் திரும்பினார். எத்தனை நிமிஷம் என்றோ பதக்கம் எங்கே என்றோ கேட்கவில்லை.

"தண்ணி இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே. எட்டாவது கிலோமீட்டர்லயும் இருந்துச்சு."

"உனக்குப் பின்னால வந்தவங்களுக்கு?"

"எண்ணி வச்சிருந்தாங்கண்ணே. சீனத் தாத்தாவும் பேரனும் குடிச்சாங்க. நான் நின்னு பார்த்துட்டுத்தான் வந்தேன்."

அண்ணன் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம் இருந்தது.