அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை

2024 ஜனவரி 8, திங்கள்கிழமை. அன்றைக்கு டெஸ்க்கில் எனக்கு வந்த முதல் வேலை, 'மாலத்தீவு எதற்கு? இந்தியாவிலேயே இருக்கும் 5 அழகான கடற்கரைகள்!'

ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. பிரதமர் லட்சத்தீவுக்குப் போய்ப் படங்கள் போட்டார். மாலத்தீவின் துணை அமைச்சர்கள் சிலர் அதைக் கிண்டலடித்துப் பதிவு போட, முந்தைய நாள்தான் 3 பேரை அந்த நாட்டு அரசு இடைநீக்கம் செய்திருந்தது. எங்கே பார்த்தாலும் 'பாய்காட் மாலத்தீவு'. ட்ரெண்டிங்கில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்பதுதான் எங்கள் பிழைப்பு. நாற்பதே நிமிடத்தில் முடித்தேன். சாயங்காலத்துக்குள் அந்த வாரத்திலேயே அதிகம் பேர் படித்த பக்கம் அதுதான் என்றார்கள்.

இரவு வாட்ஸ்அப்பில் அம்மா: "படிச்சேன் கண்ணு. நல்லா எழுதியிருக்கே. மூணாவது எடத்துல 'கடற்கறை'ன்னு விழுந்திருக்குது பாரு, மாத்திரு."

அம்மா அதைப் படித்தது மாலத்தீவில் இருந்து.

எங்கள் ஊர் சோமனூர் பக்கம். அப்பா விசைத்தறி வைத்திருந்தார். கூலிக்கு நெய்து கொடுக்கிற தறிக்குடோன். கூலி உயர்வு கேட்டு தறிகள் நிற்கும், பேச்சுவார்த்தை நடக்கும், ஓடும், மறுபடியும் நிற்கும். இதற்கிடையில் வட்டி மட்டும் நிற்காது. அம்மா கணக்கில் பி.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் எட்டாயிரம் ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். 2012-ல் மாலத்தீவில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. சம்பளம் ஐந்து மடங்குக்கும் மேல். எனக்கு அப்போது 12 வயது. "ரெண்டே வருசம், கடனை அடைச்சுட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது 12 வருடம் ஆனது.

அம்மா மட்டும் இல்லை. சுமார் 1,200 தீவுகளில் 190 தீவுகளில் போலத்தான் அங்கே மக்கள் வசிக்கிறார்கள். பள்ளிகளில் பாடமெல்லாம் ஆங்கிலத்தில், கேம்பிரிட்ஜ் ஓ லெவல் தேர்வு. கணக்கு, அறிவியல் நடத்த இந்தியாவிலிருந்து டீச்சர்கள் பல வருடங்களாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும்தான் அதிகம். நாம் மாலத்தீவு என்றால் தண்ணீருக்கு மேலே நிற்கிற ரிசார்ட்டைத்தான் பார்க்கிறோம். அம்மா ரிசார்ட் எதையும் பார்த்ததே இல்லை.

வருடத்துக்கு ஒரு லீவு. 13 வயதில் எனக்குத் தெரட்டி சீர் நடந்தபோது அம்மா ஸ்கைப்பில் இருந்தார். அத்தை லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்திருக்க, பாதியில் நெட் போய்விட்டது. படம் அப்படியே உறைந்து நின்ற அம்மாவின் முகம் இன்னும் எனக்குள் இருக்கிறது. 2020-ல் கொரோனா வந்தது. 'சமுத்திர சேது' என்று கடற்படை கப்பல் விட்டு ஆட்களைக் கூட்டிவந்தது. ஜூன் 7-ம் தேதி ஐ.என்.எஸ் ஜலஷ்வா 700 பேருடன் மாலேயிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. பெயர் கொடுக்கச் சொல்லி அப்பா தினமும் போன் செய்தார். அம்மா கொடுக்கவில்லை. "எனக்கு வேலை இருக்குது, சம்பளம் வருது. வேலை போனவங்க, மாசமா இருக்கறவங்க எத்தனை பேரு காத்திருக்கறாங்க தெரியுமா?" நியாயமான பதில்தான். ஆனால் 20 வயதில் எனக்கு அந்த நியாயம் பிடிக்கவில்லை. ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

2023 டிசம்பரில் அம்மாவே சொன்னார், "மே மாசத்தோட வந்தர்றேன்." அப்பாவுக்குச் சர்க்கரை கூடி காலில் புண் ஆறாமல் கிடந்தது. கடன் எப்போதோ முடிந்திருந்தது. அதற்கு அடுத்த மாதம்தான் மேலே சொன்ன ரகளை எல்லாம்.

பிப்ரவரியில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு அம்மாவைப் பார்க்கக் கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. 12 வருடத்தில் அதுதான் முதல் முறை. எப்போதும் அம்மாதான் வருவார். நாங்கள் யாரும் போனதில்லை. போய்ப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. இதை எழுதும்போதுதான் அது எவ்வளவு விசித்திரம் என்று படுகிறது.

கோவையிலிருந்து பெங்களூரு, அங்கிருந்து மாலே. மாலேயிலிருந்து ஒரு சின்ன விமானத்தில் வடக்கே ஹனிமாதூ. பிறகு ஸ்பீட்போட். ஜெட்டியில் யாரோ ஒரு பெண்மணி தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இரண்டாவது முறை பார்த்த பிறகுதான் அது அம்மா என்று தெரிந்தது. எங்கள் ஊரில் அப்பாவின் டிவிஎஸ் 50-ல் பின்னால் உட்கார்ந்து வருகிற அம்மாவைத்தான் எனக்குத் தெரியும்.

"என்ன அப்பிடிப் பார்க்கறே? கேரியர்ல உக்காரு" என்றார்.

தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு சைக்கிளில் ஏழெட்டு நிமிடம். வழியெல்லாம் "மிஸ், மிஸ்" என்று குரல்கள். குடிக்க மழைநீர்த் தொட்டித் தண்ணீர். சிறுவாணி பெருமை பேசிப் பேசியே வளர்ந்த ஆள் நான். முதல் மடக்கைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தேன். காய்கறி எல்லாம் போட்டில்தான் வரும். அம்மாவின் சமையலறையில் கொள்ளும் அரிசிம்பருப்புப் பொடியும் இருந்தன. பக்கத்திலேயே ஒரு டப்பாவில் மாசிக்கருவாடு! கடல் மீன் வாசம் வந்தாலே மூக்கைப் பொத்துகிற குடும்பம் எங்களுடையது. மறுநாள் காலை அம்மா தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மீனும் போட்டுப் பிசைந்த மாஸ் ஹுனியை ரொட்டியோடு சாப்பிட்டார், நாம் இட்லி சாப்பிடுவதைப் போல.

பக்கத்து வீட்டுக்கார அம்மாவை 'தத்தா' என்று கூப்பிட்டார். அங்கே தத்தா என்றால் அக்கா. அவருடைய மகன் புது அதிபருக்கு ஓட்டுப் போட்டவன், இந்திய ராணுவம் கிளம்ப வேண்டும் என்கிற கட்சி. அதையும் அம்மாவிடமே சொல்வான், அம்மாவுக்கு மாலேயிலிருந்து தக்காளி மூட்டையும் அவன்தான் இறக்கிக் கொடுப்பான். நான் வந்து இறங்கிய ஹனிமாதூவில்தான் இந்தியா கொடுத்த டோர்னியர் விமானம் இருந்தது. தீவுகளிலிருந்து நோயாளிகளைக் கொண்டுபோகவும் அதைப் பயன்படுத்தினார்கள். "நம்மூர் டிவியில பட்டாளம், பட்டாளம்ங்கறாங்க. இங்க பாதிப் பேருக்கு அது ஆம்புலன்ஸ். மீதிப் பேருக்கு அது அடுத்த வீட்டுக்காரன் நம்ம திண்ணையில வந்து உக்காந்திருக்கற மாதிரி. ரெண்டையும் நான் தப்புன்னு சொல்லமாட்டேன்" என்றார் அம்மா. டெஸ்க்கில் இதற்குத் தலைப்பு வைக்கச் சொன்னால் நான் திணறிப்போவேன்.

கிளம்புவதற்குள் செய்ய வேண்டியவை என்று அம்மா ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதுதான் என்னை அதிகம் ஆச்சரியப்படுத்தியது. பி.ஏ.பி. வாய்க்காலில் கூட முழங்கால் அளவுக்கு மேல் இறங்காத ஆள், 44 வயதில் நீச்சல் கற்றிருக்கிறார். தத்தாவும் இன்னும் நாலைந்து அம்மாக்களும் சாயங்காலத்தில் முழு உடுப்போடு இறங்கி நீந்துவார்களாம். அவர்கள் சொல்லிக் கொடுத்தது. பட்டியலில் முதலாவது, பவளப்பாறை திடீரென்று செங்குத்தாக இறங்கும் விளிம்பு வரை நீந்திப் போவது. நான் லைஃப் ஜாக்கெட்டோடு பின்னாலேயே போனேன். அதுவரை தரை தெரிந்த பச்சைத் தண்ணீர், ஒரே அடியில் கரு நீலமாகி அடி தெரியாமல் போனது. எனக்குக் கால் உதறியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது, ராத்திரி மீன்பிடி. தூண்டில் கம்பெல்லாம் கிடையாது, நைலான் நரம்பும் கொக்கியும் ஈயக் குண்டும்தான். அம்மா மூன்று மீன் பிடித்தார். நான் வாந்தி எடுத்தேன்.

மூன்றாவது, தானா எழுத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதுவது. வலமிருந்து இடமாக எழுதுகிற திவேஹி மொழியின் லிபி அது. அதன் முதல் 9 எழுத்துகள் அரபு எண்களிலிருந்தும், அடுத்த 9 எழுத்துகள் அந்த ஊரின் பழைய எண்களிலிருந்தும் பிறந்தவை என்று அம்மா சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "எண்ணையே எழுத்தா வெச்சிருக்கற ஊருக்குக் கணக்கு டீச்சரா வந்திருக்கறேன் பாரு!"

சாயங்காலங்களில் கடற்கரையில் ஜோலியில் டியூஷன். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கயிற்று வலை கட்டிய ஆசனத்துக்கு அங்கே அதுதான் பெயர். கடைசி மாதங்களில் அம்மா அப்படி இரண்டு மூன்று பேரைத் தனியாக உட்கார வைத்திருந்தார். அதில் ஒரு பையன் அல்ஜீப்ரா என்றாலே கடலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். அவனுடைய பெயருக்கு எதிரே அம்மாவின் டைரியில் நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தான் கிளம்ப எத்தனை நாள், அவனுக்குப் பரீட்சைக்கு எத்தனை நாள் என்று. பரீட்சைக்கு முன்பே ஒப்பந்தம் முடிகிறது. "அடுத்து வர்ற டீச்சர் பார்த்துக்குவாங்க" என்று யாரும் கேட்காமலே அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, மிஸ்ஸோட பெண் பத்திரிகையாளராமே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன். என் பெயரைத் தேடி எடுத்து, போனிலேயே மொழிபெயர்த்துப் படித்திருக்கிறாள். திரையைத் திருப்பிக் காட்டினாள். அந்த 5 கடற்கரைகள். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் கேட்டது வேறு: "அழகா இருக்கு. இதுல எந்த இடத்துக்கெல்லாம் நீங்க போயிருக்கீங்க?"

ஒன்றுக்கும் போனதில்லை. அதைச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, "எங்க ஊருக்கு வந்துட்டீங்க" என்றாள். அம்மா கொஞ்சம் தள்ளி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. ஆனால் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

அன்றிரவு கேட்டேன். "அந்தக் கட்டுரையைப் பார்த்து உனக்குக் கோபம் வரலையா?"

"எழுத்துப்பிழைக்கு வந்துச்சு."

"அம்மா..."

"என்ற புள்ளை வேலைக்குப் போய் சம்பாதிக்கறான்னு இருந்துச்சு கண்ணு. நானும் அதுக்குத்தானே இங்க வந்தேன்." கொஞ்ச நேரம் கழித்து, "மொதல்ல அதுக்குத்தான் வந்தேன். அப்புறம் எனக்குப் பிடிச்சுப் போச்சு. இதை ஊர்ல யாருகிட்டயும் சொல்லிறாதே" என்றார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. 12 வருடமாக நான் சுமந்துகொண்டிருந்த குற்றச்சாட்டுக்கு அது ஒப்புதல் வாக்குமூலம் போலவும் இருந்தது, அதே நேரத்தில் ஒரு பெரிய ஆறுதலாகவும் இருந்தது. எங்களுக்காகத் தேய்ந்தே போனார் என்று நினைத்திருந்தேனே.

இந்திய ராணுவத்தினர் வெளியேற மே 10 கடைசி நாள். அதற்கடுத்த வாரம் அம்மா வந்தார். தெருவில் கேட்டார்கள், "வெரட்டி உட்டுட்டாங்களாமா அம்மிணி?" அம்மா சிரித்துக்கொண்டே இல்லை என்றார். எத்தனை பேருக்கு விளக்க முடியும்? பெட்டியில் தத்தா கொடுத்த மாசிக்கருவாடு இருந்தது. அப்பா அதைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

இப்போது தெருப் பிள்ளைகள் சிலருக்கு அம்மா திண்ணையில் கணக்குச் சொல்லித் தருகிறார். அப்பாவின் புண் ஆறிவிட்டது. சமையலறையில் எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று முதல் சில மாதங்கள் அம்மா அத்தையிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டியில் இன்னும் பின்னால்தான் உட்காருகிறார். சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "இந்த ஊர்ல ஓட்டுனா சிரிப்பாங்க" என்றார். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் மாறவில்லை. அங்கே வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளி. ஞாயிறு காலை ஐந்து மணிக்கெல்லாம் அம்மா எழுந்துவிடுகிறார். குளித்து, சுடிதாரை அயர்ன் செய்து, ஹாலில் உட்கார்ந்துகொள்வார். பிறகுதான் ஞாபகம் வரும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அந்தப் பையனின் ரிசல்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. கணக்கில் 'சி'. கீழே நிறைய இதயங்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார்.

"பி வந்திருக்கோணும்" என்றார். "அந்தக் கடைசி ரெண்டு மாசம்..."

அப்பா உள்ளேயிருந்து காபி கேட்டார். அம்மா எழுந்து போனார்.