அளவெடுக்கும் கலை

ஏப்ரல் மாதம், புதிய கல்வியாண்டு தொடங்குகிறது. சீருடை தைக்கும் கடையில் கூட்டம் நிறைந்திருக்கிறது. தையற்காரர் ஒரு சிறுவனின் தோளையும் மார்பையும் இடுப்பையும் அளந்து குறித்துக்கொள்கிறார். "பிள்ளை வளர்வான் அம்மா, கால் மடிப்பில் கொஞ்சம் துணி கூடுதலாக விடுகிறேன்" என்கிறார். கத்தரியைக் கையில் எடுக்கும் முன்னரே, அணியப்போகிறவனை அவர் எண்ணிப் பார்த்துவிடுகிறார்.

அச்சிறுவனின் வீட்டில், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி திறன்பேசியுடன் போராடிக்கொண்டிருக்கிறார். எழுத்துகள் சிறியவை, மொழியோ அவர் அறியாதது. ஊரிலுள்ள தங்கையுடன் பேச எதைத் தொடுவது என்று விளங்கவில்லை. "எனக்கு இதெல்லாம் வராது கண்ணு" என்று பேரனிடம் நீட்டிவிடுகிறார்.

சட்டை இறுக்கிப் பிடித்தால் நாம் உடலைக் குறை கூறுவதில்லை. தைத்த விதத்தையே குறை கூறுகிறோம். செயலி புரியாவிட்டால் மட்டும் நம் அறிவையே குறை கூறிக்கொள்கிறோம். இது முறையன்று. ஆடை வடிவமைப்பும் செயலிகளை உருவாக்கும் பயனர் அனுபவ வடிவமைப்பும் உடன்பிறந்தவை. பயன்படுத்துவோரை அறிதல், மாதிரி செய்து பார்த்தல், குறை கேட்டுத் திருத்துதல் ஆகிய மூன்றும் இரண்டிற்கும் பொதுவானவை.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரர் வாழ்ந்தார். உழைப்பாளி ஒருவரின் மனைவி, தம் கணவருக்கு எளிதில் கிழியாத காற்சட்டை வேண்டும் என்று அவரிடம் கேட்டார். பைகளின் ஓரங்களே முதலில் பிய்கின்றன என்பதை அறிந்த டேவிஸ், அவ்விடங்களில் செம்பு ஆணிகளை அடித்து இறுக்கினார். 1873ஆம் ஆண்டு, துணி வணிகர் லீவை ஸ்ட்ராஸுடன் இணைந்து அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ஜீன்ஸ் அவ்வாறு பிறந்தது. பின்பை ஆணிகள் நாற்காலிகளைக் கீறுகின்றன என்னும் குறை எழுந்தது. எனவே, 1937இல் அவ்வாணிகள் துணிக்குள் மறையுமாறு தைக்கப்பட்டன. செயலிகள் அடிக்கடி புதுப்பிக்கப்படுவதும் இத்தகைய திருத்தமே ஆகும்.

தமிழுக்கும் இத்தகைய அளவெடுப்பு நிகழ்ந்தது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம் அமைந்துள்ளன. மெய்வரிசை எழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் அமைந்துள்ளன. 'க' விசையை அடுத்து 'இ' விசையை அழுத்தினால் 'கி' தோன்றும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகும் இயல்பை அறிந்தோர் தமிழுக்கென்றே தைத்த ஆடை அது.

புதிய சீருடையுடன் வீடு திரும்பிய சிறுவன், பாட்டியின் திறன்பேசியை எடுக்கிறான். எழுத்துகளைப் பெரிதாக்குகிறான், மொழியைத் தமிழாக மாற்றுகிறான், தங்கைப் பாட்டியின் படத்தை முகப்பிலேயே வைக்கிறான். பாட்டி தயங்கித் தயங்கி அப்படத்தைத் தொடுகிறார். மறுமுனையில் மணி ஒலிக்கிறது.

"வராது" என்றவருக்கு வந்துவிட்டது. மாறியது பாட்டி அல்லர்; கருவியே. பிறருக்காக ஒன்றைச் செய்வோர் முதலில் அவரை அளந்தறிதல் வேண்டும். அந்த அக்கறையே வடிவமைப்பின் முதல் தையல்.

சிந்தித்து எழுதுக
1. தையற்காரர் கால் மடிப்பில் கூடுதல் துணி விடுவது ஏன்?
2. 'மாறியது பாட்டி அல்லர். கருவியே' என்பதன் பொருளை விளக்குக.
3. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு எளிதாக அமையும்படி எப்பொருளை மாற்றுவீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.