குற்றம் பேட்டரியில் இல்லை

திருவாரூர் மாவட்டத்துக் கடைமடையில் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறார் அந்த விவசாயி. 25 வருஷத்து டிராக்டர் ஒன்றும் உண்டு. சொந்த உழவு போக, அக்கம்பக்கத்து வயலுக்கும் அதுதான் போகும்.

போன வருஷம் செல்ஃப் எடுக்கவில்லை. 'பேட்டரி போயிடுச்சு' என்றார் கடைக்காரர். மனைவியின் தோடு அடகுக்குப் போக, புது பேட்டரி வந்தது. நாலு மாசம்கூட ஓடவில்லை, மறுபடி 'டக்' என்ற சத்தத்தோடு நின்றது. அதன்பின் மேட்டில் நிறுத்தி, தள்ளிவிட்டே ஓட்டினார்.

இந்தக் குறுவையில் அது நடக்கவில்லை. முறைத் தண்ணீர் வந்த மூன்றாம் நாள், கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு ஓட்டும்போது வண்டி நடுவயலில் அணைந்தது. சேற்றில் யார் தள்ளுவது? மறுநாள் மாலையோடு வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிடும். நாற்றங்காலில் நாற்று வயசு ஏறிக்கொண்டிருந்தது.

"கடன் சொல்லியாவது இன்னொரு பேட்டரி வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். மனைவி சம்மதிக்கவில்லை. "ராத்திரி உழவுல ரேஸ் குடுத்தாலும் லைட்டு ஏறவே இல்லீங்க. பேட்டரிய மட்டும் மாத்தி என்ன ஆகும்? தம்பிய வரச் சொல்லுங்க" என்றார். தம்பி என்றது, ஐ.டி.ஐ. படித்த நாத்தனார் மகனை.

வந்தவன் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும், இன்னொன்றை இன்ஜின் உடம்பில் பெயின்ட் சுரண்டிய இடத்திலும் வைத்தான். "சாவியத் திருப்புங்க மாமா." அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய மீட்டர், நாலு வோல்ட் காட்டியது.

"பேட்டரியில குத்தமே இல்ல மாமா. எர்த் பட்டை செத்துப்போச்சு."

பேட்டரிப் பெட்டிக்கு அடியில், சேறு அப்பிய இடத்தில் இருந்தது அந்தச் செம்புப் பட்டை. பச்சையாகப் பூத்து, பாதி இழை உதிர்ந்திருந்தது. செல்ஃபுக்குப் போகும் கரன்ட்டும், டைனமோவிலிருந்து வரும் சார்ஜும் இதன் வழியாகத்தான் சுற்றி வரவேண்டும். வழி அடைத்தால் பேட்டரியும் நிறையாது, செல்ஃபும் சுற்றாது. வருஷா வருஷம் சேற்றுழவு ஓட்டும் வண்டியில் முதலில் பார்க்கவேண்டிய இடம் இது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற பேட்டரியைத்தான் எல்லோரும் மாற்றுகிறோம்.

மைனஸை முதலில் கழற்றினான். போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, டவுனிலிருந்து வாங்கி வந்த புதுப் பட்டையை இறுக்கினான். 200 ரூபாய்க்குள்தான். மேலே வாஸ்லின் தடவி, மைனஸைக் கடைசியாக மாட்டினான். சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. ஓடும்போது பேட்டரி முனைகளில் 14.1 வோல்ட். 13.8-லிருந்து 14.4-க்குள் இருந்தால் சார்ஜ் சரி. அதற்குக் குறைந்தால் ஃபேன் பெல்ட்டையும் டைனமோவையும் பார்க்க வேண்டும்.

"ஓடுறப்ப பேட்டரி வயரக் கழட்டி சார்ஜ் பாக்கலாம்னு சொல்றாங்களே?"

"ஆல்டர்நேட்டர் வண்டியில அத மட்டும் செஞ்சிடாதீங்க மாமா. உள்ள டயோடு போயிடும்."

மறுநாள் தண்ணீர் நிற்கும் முன்னே உழவு முடிந்தது. போன வருஷம் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்த பேட்டரியைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. தோட்டை அறுவடை முடிந்துதான் மீட்க வேண்டும்.