இரும்பில் பொறித்த ஆண்டு

சேலம், நாமக்கல் வட்டாரத்துப் பழைய வீடுகளின் பரணில் ஒரு வாளோ, கேடயமோ, துப்பாக்கியோ கிடைத்துவிட்டால் போதும்; அதற்கு உரியவர் யார் என்று எவரும் ஆராய்வதில்லை. திப்பு சுல்தான் என்று ஒரே சொல்லில் முடித்து விடுவார்கள். இதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கும்பெனியார் கைக்குப் போகும் வரை சேலமும் பாராமகாலும் மைசூர் அரசின் கீழ் இருந்தவை. நாமக்கல் மலைக்கோட்டையையும் சங்ககிரிக் கோட்டையையும் அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆகவே சுல்தானின் பெயர் நம் நாவில் எளிதாக வருகிறது. ஆயினும், எளிதாக வருவதெல்லாம் உண்மையாகிவிடுமா என்பதே கேள்வி.

மோகனூரில் எனக்கு நெடுநாளாகப் பழக்கமான இராவுத்தர் குடும்பம் ஒன்று உண்டு. தங்கள் மூதாதையர் திப்புவின் குதிரைப்படையில் பணியாற்றினார் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. அதற்குச் சான்றாக அவர்கள் காட்டுவது ஒரு துப்பாக்கி. உரிமம் பெற்று, ஆண்டுதோறும் துடைத்து, பெருநாள் அன்று பிள்ளைகளுக்குக் காட்டி உறையில் இட்டு வைக்கும் துப்பாக்கி. குடும்பத்தின் மூத்தவரை நான் பெரியத்தா என்று அழைப்பது வழக்கம். ஒருநாள் அவர் ஆளனுப்பினார். போனேன். வெளியூர்த் தரகர் ஒருவர் அங்கே அமர்ந்திருந்தார்.

“ஹஜ்ரத், குழலின் மேலே அரபு எழுத்து இருக்கிறது. அதை நீங்கள் படித்து, இது திப்பு சுல்தான் காலத்துத் துப்பாக்கிதான் என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் இட்டுக் கொடுத்தால், இவர் நல்ல விலை கொடுப்பதாகச் சொல்கிறார்” என்றார் பெரியத்தா. அவர் குரலில் பேராசை இல்லை; தவிப்பு இருந்தது. பேத்திக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. வீட்டுப் பத்திரமோ அடகில் இருந்தது. தரகர் சொன்ன தொகை அந்த இரண்டுக்கும் போதுமானது. என் கையொப்பம் ஒன்றுதான் குறை.

அரபு மதரஸாவில் ஓதியவனுக்கு இத்தகைய சோதனை புதிதன்று என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கதீபுல் பக்தாதி அவர்களிடம் ஓர் ஆவணத்தைக் கொண்டு வந்தனர். கைபர் யூதர்களுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து விலக்களித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுதிக் கொடுத்தது என்றனர். அதில் சஹாபாக்களின் சாட்சியும் இருந்தது. கதீப் அதைப் பார்த்தார். இது பொய் என்றார். எப்படி என்று கேட்டபோது, எழுத்தையோ தாளையோ அவர் காட்டவில்லை, ஆண்டுகளைக் காட்டினார். சாட்சிகளில் ஒருவர் முஆவியா (ரலி). அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியது ஹிஜ்ரி 8இல், மக்கா வெற்றியின்போது. கைபரோ ஹிஜ்ரி 7. மற்றொரு சாட்சி ஸஅது பின் முஆது (ரலி). அவர்கள் ஹிஜ்ரி 5இல், அகழ்ப்போரை அடுத்து இறப்பெய்தியவர்கள். இன்னும் முஸ்லிமாகாதவரும் முன்பே மறைந்தவரும் எப்படிச் சாட்சியாக முடியும்? ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத்தந்த முறை இதுதான்: அறிவிப்பாளரை ஆண்டுக் கணக்கில் நிறுத்திப் பார். துப்பாக்கியும் ஓர் அறிவிப்பாளரே. அதனிடமும் ஆண்டு கேட்கலாம்.

திப்புவின் துப்பாக்கிகளுக்கு ஆண்டு காண்பது அரபு கற்றவர்க்கு மிகச் சுவையான கலை. அவை பெரும்பாலும் சக்கிமுக்கிக் கல் தீப்பொறியால் வெடிக்கும் துப்பாக்கிகள். அரசின் பட்டறைகளில் செய்யப்பட்டவை. அவற்றில் புலியின் உடல் வரிகளைப் போன்ற சித்திர வேலை இருக்கும். ‘பப்ரி’ என்று அதைச் சொல்வார்கள். ஹைதர் என்ற பெயரின் நான்கு எழுத்துகளையும் அடக்கிய சிறு முத்திரை இருக்கும். பாரசீக வாசகமும், செய்த ஊரும், ஆண்டும் இருக்கும். அந்த ஆண்டில்தான் பலரும் தடுக்கி விழுகின்றனர்.

துப்பாக்கியில் 1222 என்று பொறித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஹிஜ்ரி என்று எண்ணிக் கணக்கிட்டால் கி.பி. 1807 வரும். திப்பு சுல்தான் ஷஹீதானதோ 1799 மே 4ஆம் நாள். எனவே இது போலி என்று ஒருவர் ஒதுக்கி விடுவார். உண்மையில் அது ஹிஜ்ரி அன்று. சுல்தான் தம் ஆட்சியின் இடையில் ‘மௌலூதி’ என்னும் புதிய ஆண்டுமுறையை ஏற்படுத்தினார். அது நம் நாட்டுப் பஞ்சாங்கத்தை ஒட்டி ஓடும் ஆண்டு. அதனுடன் 572ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும். 1222 என்பது 1794 ஆகிறது; பொருளும் மெய்யாகிறது. இம்முறையில் அடித்த காசுகளிலே இலக்கங்களை வலமிருந்து இடமாகவும் அவர் எழுதச் செய்தார். அறியாதவர் 1215ஐ 5121 என்று படித்து மயங்குவர்.

அதோடு நில்லாமல், அறுபது ஆண்டுச் சுழற்சிக்கும் அவர் அரபு எழுத்துகளாலேயே பெயரிட்டார். அப்ஜத் கணக்கு நாம் அறிந்தது. அதில் ஷீன் எழுத்துக்கு 300. ஆனால் சுல்தான் பின்னர் எடுத்துக்கொண்டது அலிஃப், பே, தே என்னும் பள்ளிக்கூட வரிசை. அதற்கு அப்தஸ் என்று பெயர். அதில் ஷீனுக்கு 40, தாலுக்கு 8. ஆகவே ‘ஷாத்’ என்ற ஆண்டின் பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டினால் 40, 1, 8 சேர்ந்து 49 ஆகும். நம் தமிழ் ஆண்டுகளில் 49ஆவது ராட்சச. அது 1795-96. ‘ஸாஸ்’ என்பது 30, 1, 20, கூட்டினால் 51. அது பிங்கள ஆண்டு, 1797-98. மைசூர்ச் சுல்தானின் கணக்கைத் திறக்க அரபு அரிச்சுவடியும் தமிழ்ப் பஞ்சாங்கமும் இரண்டு சாவிகளாகின்றன. இரண்டையும் கையில் வைத்திருக்கும் தமிழ் முஸ்லிமுக்கு இதைவிட மகிழ்ச்சி வேறென்ன வேண்டும்?

அந்த மகிழ்ச்சியை எதிர்பார்த்துத்தான் பெரியத்தாவின் துப்பாக்கியைக் கையில் வாங்கினேன். முதலில், அதில் தோட்டா இல்லை என்பதை உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகர் ஒருவரைக் கொண்டு உறுதி செய்துகொண்டோம். பழைய துப்பாக்கியை எவர் தொட்டாலும் இதுவே முதற் கடமை.

அது ஒற்றைக் குழல் துப்பாக்கி. பக்கத்தில் சுத்தி போன்ற குதிரை ஒன்று இருந்தது. அதைக் கண்டே வீட்டார் சக்கிமுக்கித் துப்பாக்கி என்று நம்பியிருந்தனர். ஆனால் அந்தக் குதிரையின் வாயில் கல்லைப் பிடிக்கும் தாடை இல்லை. மருந்து இடும் கிண்ணமும் இல்லை. கீழே இருந்த நெம்பியைத் திருகினால் குழல் கீலில் மடிந்து, பின்புறமாகத் தோட்டா இடும் வாய் திறந்தது. குழலுக்குள் முறுக்குவரிகள் ஓடின. பின்புறம் பித்தளைத் தோட்டா இட்டுச் சுடும் துப்பாக்கி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. கதீபின் கேள்வி இங்கும் எழுந்தது: முன்பே மறைந்தவர் எப்படி இதைக் கையில் ஏந்தியிருக்க முடியும்?

பிறகு சித்திரங்கள். வீட்டார் புலிவரி என்று காட்டியவை இலைக்கொத்துகள். வளைந்து வளைந்து விளிம்புடைய இலை. நம் நாட்டு மரத்தின் இலையன்று, ஐரோப்பியக் காட்டு ஓக் மரத்தின் இலை. அதனிடையே கிளைத்த கொம்புடைய மான் ஒன்று. அடிக்கட்டையில் கன்னத்தை வைக்க ஒரு மேடு. விசைகள் இரண்டு; பின்விசையை இழுத்து வைத்தால் முன்விசை இறகு பட்டாலும் இயங்கும். இவையெல்லாம் ஜெர்மானிய வேட்டைத் துப்பாக்கிகளில் வழக்கமாகக் காணப்படுபவை.

அந்த ‘அரபு எழுத்து’? தங்க நிறத்தில் கொக்கியும் சுழியுமாக அழகாகத்தான் இருந்தது. ஆயினும் அது இடமிருந்து வலமாக ஓடியது. அலிஃபும் இல்லை, லாமும் இல்லை. அது ஜெர்மானியரின் பழைய கோதிக் எழுத்து. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது ஜெர்மனியில் பொறியாளராக இருக்கிறார். கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினேன். குழல் க்ரூப் எஃகால் ஆனது என்பதே அதன் பொருள் என்று அன்றிரவே எழுதினார்.

மிக முக்கியமான சாட்சி மறைவில் இருந்தது. வணிகர் முன்கட்டையைக் கழற்றிக் குழலின் அடிப்புறத்தைக் காட்டினார். கிரீடம் ஒன்று, அதன்கீழ் ஓர் எழுத்து. இப்படி மூன்று முத்திரைகள். ஜெர்மனியில் 1891ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, 1893 முதல் நடைமுறைப்படுத்தினர். விற்பனைக்கு வரும் துப்பாக்கி ஒவ்வொன்றையும் அரசின் சோதனைச் சாலையில் கூடுதல் மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து முத்திரை இட வேண்டும் என்பது அச்சட்டம். கிரீடத்தின் கீழ் ‘பி’ என்றால் சுட்டுச் சோதித்தது. ‘யு’ என்றால் பின்னர் பார்வையிட்டது. ‘ஜி’ என்றால் முறுக்குவரிக் குழல். சட்டம் வந்தபோதே கடையில் இருந்த பழைய சரக்குக்கு ‘வி’ என்று தனி முத்திரை. இத்துப்பாக்கியில் ‘வி’ இல்லை. ஆகவே 1893க்கு முற்பட்டதன்று.

அருகே, புள்ளியுடன் கூடிய ஓர் எண் இருந்தது. ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தக் குழலுக்குப் பொருந்தும் குண்டுகள் எத்தனை வார்க்கலாம் என்பதே அதன் கணக்கு. குழல் சிறுக்கச் சிறுக்க எண் பெருகும். ஏறத்தாழ 1912 முதல் இக்கணக்கைக் கைவிட்டு, மில்லிமீட்டரில் அளவைப் பொறிக்கத் தொடங்கினர். புகையற்ற மருந்துக்கான ‘என்’ முத்திரையும் அக்காலத்தில் சேர்ந்தது. பின்னாளில் சூல் முதலிய துப்பாக்கி ஊர்களில் மாதமும் ஆண்டும்கூடப் பொறித்தனர். 1939இல் வேறு சட்டம் வந்து, கிரீடம் போய்க் கழுகு வந்தது. இவற்றில் ஒன்றும் இதில் இல்லை. ஆகவே 1893க்கும் 1912க்கும் இடைப்பட்டது என்று துணிந்து சொல்லலாம். திப்பு சுல்தான் மறைந்து ஒரு நூற்றாண்டு கழித்துப் பிறந்த துப்பாக்கி.

துப்பாக்கியின் மேலே எழுதியுள்ள பெயரை மட்டும் நம்பவும் கூடாது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907இல் பரிசாகக் கிடைத்த புகழ்பெற்ற ரைபிளில் லண்டன் ரிக்பி கம்பெனியின் பெயர் உண்டு. அதன் உள் இயந்திரமோ ஜெர்மானிய மவுசர் அமைப்பு. விற்றவர் பெயர் மேலே இருக்கும். செய்தவர் அடையாளம் கட்டைக்குள் ஒளிந்திருக்கும். பெரியத்தாவின் துப்பாக்கியில் செய்தவர் பெயர் இருந்திருக்கக் கூடிய இடம், ஆண்டாண்டாகச் செங்கல் பொடியால் தேய்த்து மழுங்கிப் போயிருந்தது.

இவ்வளவையும் பெரியத்தாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. தரகர்தான் பேசினார்: “வாங்குகிறவருக்கு இதெல்லாம் தெரியாது, ஹஜ்ரத். நீங்கள் இரண்டு வரி எழுதினால் ஒரு பெண்ணின் கல்யாணம் நடக்கும். அது நன்மைதானே?”

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் பெரியத்தா கையை உயர்த்தினார். “கல்யாணம் நடக்கட்டும், தம்பி. ஆனால் ஹஜ்ரத்துடைய பொய்ச்சாட்சியில் நடக்க வேண்டாம். என் பேத்தி அந்தச் சோற்றை உண்ண வேண்டாம்” என்றார்.

அன்று மாலை அவர் மகன், பழைய தகரப் பெட்டியைக் கிளறி ஒரு தாளை எடுத்து வந்தார். 1934ஆம் ஆண்டு பெரியத்தாவின் தந்தையார் பெயருக்கு வழங்கிய துப்பாக்கி உரிமம். பின்புறம் தோட்டா இடும் ஒற்றைக்குழல் ரைபிள் என்று அதில் தெளிவாக இருந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையிடம் விலைக்கு வாங்கியதாகக் குறிப்பும் இருந்தது. அதைப் படித்துக் காட்டியதும் பெரியத்தாவின் முகம் மாறியது. தம் தந்தை ஏற்காட்டுக்குத் தோல் வாங்கப் போய்வந்தது, மழைக்காலத்தில் மாட்டுவண்டியோடு வழியில் இரண்டு நாள் தங்கியது, மிளகும் காப்பிக்கொட்டையும் மடியில் கட்டிக் கொண்டு வந்தது எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினார். பிள்ளைகள் சுற்றி அமர்ந்தனர். தங்கள் கொள்ளுப்பாட்டனாரைப் பற்றி அவர்கள் கேட்டது அதுவே முதல் தடவை. அதுவரை அந்தத் துப்பாக்கியைக் காட்டும்போதெல்லாம் சுல்தானைப் பற்றியே பேசியிருக்கின்றனர். உழைத்துச் சேர்த்த காசில் அதை வாங்கியவரைப் பற்றி எவரும் பேசியதில்லை.

உண்மை கடனை அடைத்து விடவில்லை. திருமணம் எளிமையாக நடந்தது. வீட்டுப் பத்திரம் மேலும் இரண்டு ஆண்டுகள் அடகிலேயே கிடந்து, குவைத்திலிருக்கும் பேரன் பணம் அனுப்பிய பிறகுதான் மீண்டது. துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. உரிமமும் முறையாகப் புதுப்பிக்கப்படுகிறது.

வாசக அன்பர்கள் வீட்டிலும் இத்தகைய பழம்பொருள்கள் இருக்கலாம். அவற்றைப் பளபளப்பாகத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் முத்திரை போய்விடும், பின்னர் அதன் வயதைச் சொல்ல வேறு சாட்சி இராது. துப்பாக்கியாயின் உரிமமின்றி வைத்திருக்காதீர்கள். கழற்றிப் பார்க்கத் தெரிந்தவரையே அழையுங்கள். பழைய உரிமம், ரசீது, கடிதம் எதையும் குப்பையில் போடாதீர்கள். வீட்டுப் பெரியவர் உயிரோடு இருக்கும்போதே, யார், எங்கே, எந்த ஆண்டில் வாங்கினார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஹிஜ்ரி ஆண்டையும் ஆங்கில ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள். மோகனூர் வீட்டில் அந்த நோட்டு இப்போது பாதி நிரம்பியிருக்கிறது. எழுதுபவள் அந்தப் பேத்திதான்.