இரண்டு பவுண்டு

வீடு மாறும்போதெல்லாம் நாம் முதலில் கழிப்பது புத்தகங்களைத்தான். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்த இரவுகளில் உறக்கம் பிடித்ததில்லை. அப்போது நினைவில் எழுவது, அண்டார்க்டிகா சென்ற எண்டூரன்ஸ் கப்பலில் ஷாக்கில்டன் வைத்திருந்த நூலகம்.

1915-இல் ஃபிராங்க் ஹர்லி எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கி, அந்த அலமாரியின் நூல்களை 2016-இல் அடையாளம் கண்டார்கள். அகராதிகள், துருவப் பயண நூல்கள், ஷாவின் நாடகங்கள், கூடவே தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்'. நண்பர் வீட்டு அலமாரி முன் நிற்பதுபோலவே இருந்தது.

அவ்வாண்டு அக்டோபரில் பனி கப்பலை நெரித்தது. ஆளுக்கு இரண்டு பவுண்டு சொந்தப் பொருள் மட்டுமே என்றார் ஷாக்கில்டன். தாமே முன்னுதாரணமாக, யோபு நூலின் தாள் உள்ளிட்ட சிலவற்றைக் கிழித்துக்கொண்டு, பைபிளைப் பனியில் விட்டார். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் சில தொகுதிகள் தப்பின. கூடாரத்து வாதங்களைத் தீர்த்துவைத்த அத்தாள்கள், பிறகு சுங்கான் பற்றவைக்கவும் பயன்பட்டன.

கைவிடப்பட்ட பைபிளை மட்டும், அதை விட்டுச் செல்வது ஆகாது என்று அஞ்சிய மாலுமி தாமஸ் மக்லியாட் யாருமறியாமல் எடுத்து ஒளித்துக்கொண்டார்.

நாம் கழித்தவற்றுக்கு அப்படியொரு மக்லியாட் வாய்த்தாரா என்பதுதான் நம் உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வி.